தலையைப் பிடிக்க ஆளில்லாத இரவு

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில் அளிக்கும் பகுதி. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் மூன்று, வாந்தியைக் கண்டு ஏற்படும் ஒரே அச்சத்தைப் பற்றியவையாக இருந்தமையால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 32 வயது. திருமணமாகி 6 ஆண்டுகள் ஆகின்றன. 4 வயதில் ஒரு மகன் இருக்கிறான். என் கணவர் சென்ற மாதம் ஒரு திருமண வரவேற்பில் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தார். 11 மணிக்குத் திடீரென எழுந்து குளியலறைக்கு ஓடினார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டேன். குழந்தையை மடியில் கிடத்தி, காதுகளைப் பொத்திக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். 3 மணிக்குத்தான் இறங்கி வந்தேன். அவரே எல்லாவற்றையும் கழுவிவிட்டுக் கூடத்தில் வெறும் தரையில் படுத்திருந்தார். மறுநாள் வந்த மாமியார், "தலையைப் பிடிக்கக்கூட ஆளில்லாம என் புள்ள கிடந்திருக்கானே" என்றார். அந்தச் சொல் என் நெஞ்சிலேயே நிற்கிறது. 3ஆம் வகுப்பில் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது, பேருந்தில் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு 'அது' வந்து என் பாவாடையெல்லாம் நனைந்தது. அன்றுமுதல் இப்படித்தான் இருக்கிறேன். இப்போது 12 நாட்களாக அவருடன் ஒரே அறையில் படுக்கவில்லை. "வயிறு சரியா இருக்கா?" என்று அவரை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கேட்கிறேன். விசேஷங்களுக்குப் போவதானால் 'அது' வராமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்கிறேன். இது நோயா, அல்லது எனக்குக் கணவர்மீது அன்பே இல்லையா? அடுத்த முறை அவருக்கு இப்படி வந்தால் நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதம் கையெழுத்தில் 4 பக்கங்கள் இருந்தது. அந்த 4 பக்கங்களில் ஓரிடத்தில்கூட 'வாந்தி' என்ற சொல் இல்லை. எல்லா இடத்திலும் 'அது' என்றே எழுதியிருக்கிறீர்கள்; இரண்டாம் பக்கத்தில் மட்டும் 'வா' என்று தொடங்கி, தாள் கிழியும் அளவுக்கு அதை அடித்திருக்கிறீர்கள். நீங்கள் விவரித்த எல்லாவற்றையும்விட அந்த அடித்தல்தான் உங்கள் துன்பத்தின் ஆழத்தை எனக்குக் காட்டியது.

முதலில், உங்களை அதிகம் வாட்டும் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அன்பு இல்லாதவர் மாடியில் 4 மணி நேரம் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருப்பார். உங்களுக்கு இருப்பது வாந்தி அச்சம். மருத்துவத்தில் இதற்கு 'எமிட்டோஃபோபியா' என்று பெயர். உயரம், பாம்பு, ஊசி ஆகியவற்றைக் கண்டு சிலருக்கு ஏற்படும் கட்டுக்கடங்காத அச்சம் எந்த வகையைச் சேர்ந்ததோ, அதே வகையைச் சேர்ந்த நோய்தான் இதுவும். பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும். இந்த அச்சம் உள்ளவர்களில் பலருக்கு அடிநாதமாக இருக்கும் பயம் 'நான் வாந்தி எடுத்துவிடுவேனோ' என்பதுதான். அருகில் ஒருவர் வாந்தி எடுத்தால், அது தமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. உங்கள் கணவரை விட்டு ஓடியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் உங்கள் வயிற்றிலிருந்து ஓட முயன்றிருக்கிறீர்கள், அது முடியாத காரியம் என்பதால்தான் மாடிக்குப் போன பிறகும் பயம் தணியவில்லை.

இதில் உடம்பு செய்யும் ஒரு வேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயம் ஏறும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இரைப்பை தன் வேலையை மந்தமாக்குகிறது. வயிறு கனக்கிறது, தொண்டையில் ஏதோ அடைக்கிறது, குமட்டுகிறது. அந்தக் குமட்டலையே, 'இதோ எனக்கும் வரப்போகிறது' என்பதற்கு அத்தாட்சியாக மனம் எடுத்துக்கொள்கிறது. பயம் குமட்டலைத் தர, குமட்டல் மேலும் பயத்தைத் தருகிறது. இப்படி மணிக்கணக்கில் குமட்டலோடு இருந்தும் கடைசிவரை வாந்தியே எடுக்காதவர்கள்தாம் இந்த அச்சம் உள்ளவர்களில் மிகுதி. உங்கள் கடிதத்திலேயே, கடைசியாக நீங்கள் வாந்தி எடுத்தது 15 வயதில் என்று எழுதியிருக்கிறீர்கள். 17 ஆண்டுகளில் எத்தனை இரவுகள் 'வரப்போகிறது' என்று உடம்பு சொல்லியிருக்கும், எத்தனை முறை அது பொய்த்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாந்தி என்பது மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து நடத்தப்படும் ஒரு தற்காப்பு. குடலில் நஞ்சோ கிருமியோ இருப்பதை வேகஸ் நரம்பு மேலே தெரிவிக்கிறது. உடனே வாயில் எச்சில் ஊறுகிறது, பற்களை அமிலத்திலிருந்து காப்பதற்கு. குரல்வளை மூடிக்கொள்கிறது, மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போய்விடாமல் இருப்பதற்கு. பிறகுதான் உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சுருங்கி உள்ளிருப்பதை வெளியேற்றுகின்றன. 'மூச்சடைத்துச் செத்துவிடுவார் என்று நினைத்தேன்' என எழுதியிருந்தீர்கள். நினைவோடு, எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுக்கும் ஒருவரின் உடம்பு மூச்சைக் காக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்துகொள்கிறது. மயங்கிக் கிடப்பவர், அளவுக்கு மீறிக் குடித்தவர் ஆகியோரின் நிலை வேறு; அவர்களை மல்லாக்கக் கிடத்தாமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

அடுத்து, தொற்றைப் பற்றிய பயம். உங்கள் கணவர் 8 மணிக்குச் சாப்பிட்டு, 3 மணி நேரத்தில் வாந்தி எடுத்து, மறுநாள் மதியம் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறார். இது பெரும்பாலும் உணவில் முன்பே உருவாகிவிட்ட நஞ்சினால் வருவது. சமைத்த சோறு வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்தால் அதில் பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். பரிமாறுபவர் கையிலிருந்து ஸ்டஃபிலோகாக்கஸ் சேர்ந்தாலும் அப்படியே. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 அல்லது 8 மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒரு நாளில் அடங்கிவிடும். அந்த உணவைச் சாப்பிடாத உங்களுக்கு அது ஒட்ட வழியே இல்லை. ஒற்றைத் தலைவலி, பேருந்துப் பயணம், மசக்கை, புற்றுநோய் மருந்து ஆகியவற்றால் வரும் வாந்தியும் யாரிடமிருந்தும் யாருக்கும் ஒட்டாது. ஒட்டக்கூடியது நோரோவைரஸ் போன்ற கிருமிகளால் வரும் வாந்தி பேதி. கிருமி உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கி, 1 முதல் 3 நாட்களில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

அதற்கும் செய்ய வேண்டியவை அளவானவையே. நோரோவைரஸ் விஷயத்தில் சானிடைசரை நம்ப வேண்டாம், அது அந்தக் கிருமியிடம் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 20 விநாடிகள் கை கழுவ வேண்டும். தரையைத் துடைத்த பிறகு, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, 5 நிமிடங்களுக்குக் குறையாமல் விட்டுக் கழுவ வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை அதனோடு சேர்த்துவிடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். வாந்தியும் பேதியும் நின்ற பிறகு 48 மணி நேரம் அவர் சமையலறைப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான். ஒருமுறை கழுவியது மருத்துவம். 'எதற்கும் இன்னொரு முறை' என்று நீங்கள் கழுவும் ஒவ்வொரு முறையும் பயத்துக்கு நீங்கள் ஊற்றும் எண்ணெய். கணவரின் தலையணையை எரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து வருந்தினேன். வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டாலே போதுமானதாக இருந்திருக்கும்.

இனி, அடுத்த முறை என்ன செய்வது என்ற கேள்வி. 'இனி எது வந்தாலும் பக்கத்திலேயே நிற்பேன்' என்று சாமி படத்துக்கு முன் சத்தியம் செய்ததாகச் சொல்கிறீர்கள். அந்தச் சத்தியத்தை விட்டுவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நீச்சல் தெரியாதவர் நடு ஆற்றில் குதிப்பதற்கு ஒப்பானது அது. தோற்றால் முன்னைவிட அதிகமாக ஓடுவீர்கள். கணவர் நலமாக இருக்கும் ஒரு மாலையில், அவரோடு உட்கார்ந்து வேலையைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன என்று அவரிடமே கேளுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட வாளி, வாய் கொப்புளிக்கத் தண்ணீர், ஒரு பழைய துண்டு, இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடி. இவற்றை இன்றைக்கே ஒரு கூடையில் போட்டு வையுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, எத்தனை முறை எடுத்தார், சிறுநீர் போகிறாரா என்று குறித்து வைப்பது, தேவைப்பட்டால் 108ஐ அழைப்பது ஆகியவை உங்கள் பங்கு. வாளியைக் கொட்டுவது அவர் பங்காகவே இப்போதைக்கு இருக்கட்டும். அவரால் எழ முடியாவிட்டால் அடுத்த தெருவில் இருக்கும் அவருடைய தம்பியை அழைப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

இடத்தையும் படிப்படியாக முடிவு செய்யுங்கள். சென்ற முறை மாடி. அடுத்த முறை வீட்டுக்குள், கதவு சாத்திய படுக்கையறை. வேண்டுமானால் மின்விசிறி வேகமாக ஓடட்டும், ஆனால் காதைப் பொத்த வேண்டாம். அதற்கடுத்த முறை கூடம். குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பது அதற்கும் பிறகு. எந்த இடத்தில் இருந்தாலும் ஒரு வாக்கியம் மட்டும் அவர் காதில் விழும்படிச் சொல்லுங்கள்: "நான் இங்கதான் இருக்கேங்க." அந்த இரவில் அவர் தனிமையை உணர்ந்தது நீங்கள் தொடாததால் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாமல் போனதுதான் அவரை வெறும் தரையில் படுக்க வைத்திருக்கும்.

பயம் ஏறும்போது அதை அடக்க முயலாதீர்கள். பாதங்களைத் தரையில் அழுந்த ஊன்றிக்கொண்டு, மூச்சை உள்ளிழுப்பதைவிட நிதானமாக வெளியே விடுங்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குமட்டுகிறது, இது பயத்தால் வரும் குமட்டல்' என்று நடப்பதை நடக்கிறபடியே சொல்லிக்கொள்ளுங்கள். பயம் ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். அது இறங்குவதை நீங்கள் இதுவரை பார்த்ததே இல்லை, ஏனென்றால் ஏறும்போதே ஓடிவிடுகிறீர்கள். ஓடிய ஒவ்வொரு முறையும், 'ஓடியதால்தான் பிழைத்தோம்' என்ற பாடத்தை மூளை கற்றுக்கொள்கிறது. கால் மணி நேரம் இருந்து பார்த்தால் அந்தப் பாடம் மாறத் தொடங்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. வாந்தி வருமுன் வாயில் எச்சில் ஊறும் என்று மேலே எழுதினேன். பயத்தில் வாய் வறண்டு போகும் என்பதும் உண்மை. இதைப் படித்தவுடன் நிமிடத்துக்கு ஒருமுறை நாக்கைத் தடவி, 'வறண்டிருக்கிறதா, ஊறுகிறதா' என்று சோதிக்கத் தோன்றும். அந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். அதுவும் இந்த நோயின் ஒரு கிளையாகிவிடும்.

வீட்டிலேயே இன்று தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் 'வாந்தி' என்று எழுதுங்கள். அடிக்காதீர்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு, படபடப்பு பாதியாகக் குறையும்வரை உட்கார்ந்திருங்கள். சில நாட்களில் அது வெறும் மூன்றெழுத்தாகிவிடும். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு வாந்தி எடுப்பதைக் காட்டும் ஒரு கேலிச்சித்திரத்தைப் பாருங்கள். ஓட்ஸ் கஞ்சியில் கொஞ்சம் காய்கறி சூப்பைக் கலந்து குளியலறைத் தரையில் கொட்டி, பார்த்துவிட்டு, நீங்களே துடையுங்கள். பேருந்தில் சன்னலோரம் அல்லாத இருக்கையில் உட்கார்ந்து போங்கள். ஒலிப்பதிவு, காணொளி ஆகியவற்றை ஒரு சிகிச்சையாளரின் துணையோடு செய்வது நல்லது. இதில் அருவருப்பும் கலந்திருப்பதால், மற்ற அச்சங்களைவிடச் சற்று மெதுவாகவே மாறும். மூன்றாம் வாரத்தில் மனம் சோர்ந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"வயிறு சரியா இருக்கா?" என்ற கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் "நல்லா இருக்கு" என்றதும் கிடைக்கும் நிம்மதி சில நிமிடங்கள்தான் நிற்கிறது, அதனால்தான் அடுத்த கேள்வி வருகிறது. முதல் வாரம் பத்தை ஐந்தாக்குங்கள். கேட்கத் தோன்றும்போது கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். அவரும், "இது உன் பயம் கேக்குது, நான் பதில் சொல்லல, வா, பக்கத்துல உக்காரு" என்று சொல்ல ஒப்புக்கொள்ளட்டும். முன்கூட்டியே பேசி வைத்தால் அது உங்களுக்குப் புறக்கணிப்பாகத் தோன்றாது.

விசேஷங்களுக்கு முன் நீங்கள் போட்டுக்கொள்ளும் ஆண்டன்செட்ரான் மாத்திரை மருத்துவர் சொல்லித் தேவைப்படும்போது எடுக்க வேண்டியது. தலைவலி, மலச்சிக்கல் அதனால் வரலாம். சிலருக்கு இதயத் துடிப்பின் சீரையும் பாதிக்கும். அதைவிட முக்கியமானது, 'மாத்திரை போட்டதால்தான் வரவில்லை' என்று நீங்கள் நம்பிக்கொண்டே போவது. உங்கள் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லி விட்டுவிடப் பாருங்கள்.

இந்த அச்சத்துக்குச் சிகிச்சை உண்டு. அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று அழைக்கப்படும் பேச்சு வழிச் சிகிச்சையும், அதன் பகுதியாக நான் மேலே சொன்ன படிப்படியான எதிர்கொள்ளலும்தான் இப்போதைக்குச் சிறந்த வழி. 2016இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 12 அமர்வுகள் இந்தச் சிகிச்சையைப் பெற்ற 12 பேரில் 6 பேர் குறிப்பிடத்தக்க அளவு தேறினர். சிகிச்சைக்காகக் காத்திருந்த 12 பேரில் 2 பேர் மட்டுமே அப்படித் தேறினர். எல்லோருக்கும் முழுமையாகப் போய்விடும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன், ஆனால் மாடிக்கு ஓடாத ஒரு வாழ்க்கை உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போய்வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை அது, தமிழிலும் பேசலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பயத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கசடோ பச்சை நிறப் பித்தமோ தெரிந்தாலும், நெஞ்சு வலி, கடும் வயிற்று வலி, கழுத்து விறைப்போடு தலைவலி, பேச்சுக் குழறல், குழப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும், ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளியாக இருந்தால் இன்னும் விரைவாக. சாதாரண வாந்தியானால், எடுத்து முடித்த 10 நிமிடத்துக்குப் பிறகு ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பொடி இல்லாவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். வாயை வெறும் தண்ணீரில் கொப்புளித்தால் போதும். அமிலம் பட்ட பல்லை உடனே துலக்கினால் தேயும் என்பதால் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் சொல்லுக்கு வருகிறேன். வாந்தி எடுப்பவரின் நெற்றியைப் பின்னாலிருந்து உள்ளங்கையால் தாங்கிக்கொள்வது நம் வீடுகளில் தலைமுறைகளாக வரும் ஆறுதல். அதை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். எனக்கு என் பாட்டி பிடித்த கையின் சூடு இன்றும் நினைவில் இருக்கிறது. வாந்தி நிற்பதற்கு அது தேவையில்லை, ஆனாலும் எடுப்பவருக்கு அது பெரிய துணை. அதனால்தான் அந்த வார்த்தை உங்களை அவ்வளவு தைத்தது. மாமியாரிடம், "அத்தை, எனக்கு இதுல சின்ன வயசுலேருந்து பயம் ஒண்ணு இருக்கு, வைத்தியம் பாக்கப் போறேன்" என்று உங்கள் கணவரை உடன் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உங்கள் படிகளில் கடைசிப் படியாக அந்த நெற்றியை எழுதி வையுங்கள்.

கேள்வி: நான் 29 வயது ஆண். மனைவிக்கு இது மூன்றாம் மாதம். காலையில் எழுந்ததிலிருந்து அவளுக்கு வாந்தி. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல், வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி 6 மணிக்கே அலுவலகம் போய்விடுகிறேன். "என்னைப் பாத்தாலே உங்களுக்கு அருவருப்பா இருக்குல்ல" என்று நேற்று கேட்டாள். ஆண்பிள்ளை வாந்திக்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

பதில்: இன்று மாலையே சொல்லிவிடுங்கள், தம்பி. அருவருப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதைவிடப் பயம் என்ற உண்மை அவருக்கு நூறு மடங்கு லேசானது. உடம்பே அந்நியமாகிப் போன ஒரு நேரத்தில், கணவர் தன்னை வெறுக்கிறார் என்ற எண்ணத்தோடு ஒரு பெண் ஒவ்வொரு நாளும் எழுவது கொடுமை. நீங்கள் அதை வேண்டுமென்று செய்யவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இந்த அச்சம் ஆண்களுக்கும் வரும். பல ஆண்கள் அதை வெளியே சொல்லாமல் வேலையின் பெயரால் மறைக்கிறார்கள்.

மசக்கை வாந்தி தொற்று அல்ல என்பதை உங்கள் மனதுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். பெரும்பாலும் 6ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, 9ஆம் வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், 16 முதல் 20ஆம் வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். காலையில் மட்டும்தான் வரும் என்பதில்லை. உங்களுக்கு இந்தச் சில வாரங்கள் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. இவ்வளவு சீராக, அபாயமின்றிப் பழகிக்கொள்ளும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. நாளை 6 மணிக்குப் பதிலாக 6.20க்குக் கிளம்புங்கள். அந்த 20 நிமிடத்தில் சத்தம் கேட்டால் கேட்கட்டும், நீங்கள் சமையலறையில் நின்றுகொண்டிருங்கள். மறுவாரம் 6.45.

நின்றுகொண்டு என்ன செய்வது? அவர் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்பே சாப்பிட இரண்டு ரஸ்க்கோ ஒரு பிடி பொரியோ தலைமாட்டில் வைத்துவிடுங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். வெங்காயம் வதக்குவது, தாளிப்பது ஆகியவற்றின் நெடிதான் பல கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஆகவே அந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டு, சன்னலைத் திறந்து வைத்துச் சமைத்துவிடுங்கள். குக்கர் திறக்கும்போது அவர் வேறு அறையில் இருக்கட்டும். இஞ்சி சேர்த்த மோரோ இஞ்சித் தேநீரோ சிலருக்குக் கேட்கிறது. வாந்தியைப் பார்க்காமலே ஒரு கணவர் செய்யக்கூடிய வேலை இத்தனை இருக்கிறது.

எடை குறைந்துகொண்டே போனாலும், ஒரு நாள் முழுக்க எதுவும் தங்காவிட்டாலும், சிறுநீர் அடர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலும் அதை 'மசக்கைதானே' என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவமனையில் நரம்பு வழியாக நீரேற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கு ஏற்ற வாந்தி மருந்துகளும் உண்டு, மருத்துவர்தாம் எழுதித் தர வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு நீங்களும் உடன் போங்கள். குழந்தை பிறந்த பிறகு பால் கக்குவதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், பிரசவத்துக்குமுன் உங்கள் சிகிச்சையையும் தொடங்கிவிடுவது நல்லது.

கேள்வி: என் மனைவிக்குத்தான் இந்தப் பயம். 3 ஆண்டுகளாக ஓட்டலில் சாப்பிட்டதில்லை. எனக்குத் தலை வலித்தால்கூட அவளிடம் சொல்வதில்லை. மறைத்துக்கொண்டு அலுவலகத்திலேயே படுத்துவிடுகிறேன். நான் செய்வது சரிதானா?

பதில்: அன்பினால் செய்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் நிறுத்த வேண்டும், ஐயா. நீங்கள் மறைக்கிறீர்கள் என்று அவருக்கு ஒருநாள் தெரிந்தால், அதற்குப் பிறகு நீங்கள் நன்றாக இருக்கும் நாளில்கூட 'மறைக்கிறாரோ' என்று அவர் உங்கள் முகத்தையே ஆராய்ந்துகொண்டிருப்பார். காலாவதித் தேதியை அவருக்காக மூன்று முறை படித்துச் சொல்வது, பாலை இன்னொரு முறை காய்ச்சுவது, ஓட்டலைத் தவிர்ப்பது என்று நீங்கள் விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றிலும் அவருடைய பயம் ஓர் அறையைக் கூடுதலாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

அதற்காக நாளைக்கே அவரை ஓட்டலுக்கு இழுத்துப் போகாதீர்கள். கட்டாயப்படுத்தப்பட்ட எதிர்கொள்ளல் பயத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. எந்தப் படியில் கால் வைப்பது என்பதை அவர் தேர்ந்தெடுக்கட்டும்; வைத்த காலை எடுக்காமல் இருக்க நீங்கள் துணையாக இருங்கள். அடுத்த முறை தலை வலிக்கும்போது, "தலை வலிக்குது, வாந்தி வந்தாலும் வரலாம், நான் பாத்துக்கறேன், நீ பக்கத்து ரூம்ல இரு" என்று உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால் மறுநாள் அதைக் குறிப்பிட்டு நன்றி சொல்லுங்கள். சிகிச்சைக்குப் போக அவர் ஒப்புக்கொண்டால், முதல் அமர்வுக்கு உடன் போய், நீங்கள் எதையெல்லாம் மறைத்தீர்கள், எதற்கெல்லாம் விட்டுக்கொடுத்தீர்கள் என்பதையும் சிகிச்சையாளரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அவர் முடிவு செய்ய அந்தத் தாள் மிகவும் உதவும்.